நீரோட்டம் காட்டிய நோய்

தொண்டைமானாற்றுக்குப் பெயர் தந்த கால்வாயை, உப்பு ஏற்றிச் செல்வதற்காகக் கருணாகரத் தொண்டைமான் வெட்டுவித்தான் என்பது யாழ்ப்பாண மரபு. கால்வாயின் கரை உறுதியாக உள்ளவரை நீர் ஒரு போக்கில் ஓடும். கரை உடைந்தால் நாற்புறமும் பரவும். அல்சைமர் நோயில் மூளையின் வெண்பொருளுக்கு நேரும் கேட்டை உயிருள்ளவரிடத்தே கண்டறியும் முறையும் இவ்வெளிய உண்மையின்மேல் எழுந்ததே.

அதற்குமுன் இந்நோயின் வரலாறு இறந்தோர் மூளையின் வரலாறாகவே இருந்தது. 1901இல் பிராங்போட் நகரில் ஆகுஸ்தே டேட்டர் என்னும் 51 வயதுப் பெண்ணை அலோயிஸ் அல்சைமர் பரிசோதித்தார். 1906இல் அப்பெண் இறந்தபின், மூளைத் துண்டங்களுக்கு வெள்ளிச் சாயமேற்றிப் புறணியிலே படிவுகளையும் முறுக்குண்ட நுண்ணிழைகளையும் கண்டார். அன்றுதொட்டு ஆய்வாளர் பார்வை பெரும்பாலும் புறணியின் சாம்பல்நிறப் பொருளிலேயே தங்கிற்று. செய்தி கடத்தும் நரம்பு நார்களாலான வெண்பொருள் வெறுங் கம்பிக்கட்டாகவே எண்ணப்பட்டது. அவர்களைக் குறைகூறுதல் தகாது. சாயம் காட்டியதையே அவர்கள் கண்டனர்.

1986இல் சுவீடனின் புரூன், எங்லுண்ட் ஆகிய இருவரும் அல்சைமர் நோயால் இறந்தோர் பலரிடத்து வெண்பொருளும் நலிந்திருந்ததை எடுத்துரைத்தனர். அக்காலத்திலேயே காந்த அதிர்வுப் படங்கள் முதியோர் மூளையில் விளங்காத வெண்திட்டுகளைக் காட்டத் தொடங்கியிருந்தன. இத்தகைய மாற்றங்களுக்குக் கனடாவின் ஹச்சின்ஸ்கியும் உடனாய்வாளரும் 1987இல் 'லூக்கோஅராயோசிஸ்' எனப் பெயரிட்டனர். வெண்பொருள் ஐதாதல் என்பது அதன் கருத்து. காரணத்தைக் கூறாது தோற்றத்தை மட்டும் குறித்த அந்த அடக்கம் பாராட்டற்குரியது. ஏனெனில் உயர் இரத்த அழுத்தத்தால் நலிந்த சிறு நாளங்களும் இதே தோற்றத்தைத் தரும். நலமுள்ள முதியோரிடத்தும் இது காணப்படும்.

1994இல் பாசர், மத்தியெல்லோ, லெ பிகான் ஆகியோர் புதுவழி கண்டனர். நீர் மூலக்கூறுகள் நரம்பு நாரின் நீளவாட்டில் எளிதாக நகரும். குறுக்கே நகர்வதை நாரின் சவ்வும் மயலின் உறையும் தடுக்கும். இவ்வேறுபாட்டை 0 முதல் 1 வரையான எண்ணாற் குறிப்பர். ஒரே போக்கில் நகர்ந்தால் எண் 1ஐ அணுகும். எத்திசையிலும் பரவினால் 0ஐ அணுகும். 2000ஆம் ஆண்டில் பிரிஸ்பேன் ஆய்வாளர், அல்சைமர் நோயாளரின் இணைப்பு நார்க்கட்டுகள் சிலவற்றில் நாரமைப்பின் ஒழுங்கு குறைந்திருந்ததை இம்முறையாற் காட்டினர். எனினும் எண்ணின் வீழ்ச்சி ஒன்றே அல்சைமருக்குச் சான்றாகாது. நாளக் கேடும் அதனைக் குறைக்கும், நார்கள் குறுக்கிடும் இடத்தில் அது இயல்பாகவே தாழும்.

ஆகவே ஒருவரையே ஆண்டுகள்தோறும் படமெடுத்து ஒப்பிடுதல் வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் 2004இல் அத்தகைய பெருமுயற்சி தொடங்கிற்று. மேனாட்டு முதியோரின் மூளையே நெடுங்காலம் உலகிற்கு அளவுகோலாக நின்றது. கர்நாடகத்தின் சீனிவாசபுரத்தில் 45 வயதைத் தாண்டிய கிராமத்தவரைத் தொடர்ந்து ஆராயும் பணி 2018இல் தொடங்கியது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் மலிந்த நம் மக்களிடத்து, வெண்திட்டுகளில் எவை நாளக்கேட்டின் விளைவு, எவை அல்சைமரின் முன்னறிகுறி என்பதைப் பிரித்தறிய அத்தகைய தொடர்பதிவுகளே இடந்தரும்.