கட்டுக்கு அடங்காத பொதிகள்

1993-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இயன் மர்டாக் என்னும் அமெரிக்க மாணவர் தொடங்கிய டெபியன் லினக்ஸின் ஆரம்பகாலத்தில், ஒரு பொதியைப் பராமரிப்பவர் மூலநிரலைத் தம் சொந்தக் கணினியிலேயே கம்பைல் செய்து, விளைந்த பொதியைப் பொதுக் களஞ்சியத்துக்கு அனுப்பிவிடுவது வழக்கமாயிருந்தது. அது அவரிடத்தில் ஓடிற்று என்பதே போதிய பிரமாணம். அக்கணினியில் முன்பே குடியிருந்த நூலகங்களும் கருவிகளும் அக்காரியத்தில் சந்தடியின்றிக் கைகொடுத்திருந்தும், கல்யாணச் சமையற்காரர் உப்பைப் பட்டியலில் எழுத மறப்பதுபோல, அவற்றை அவர் எங்கும் குறித்துவைக்கவில்லை.

1998 ஜூலையில் வெளிவந்த 2.0 பதிப்பு, இன்டெல் சில்லுகளோடு, அமிகா, அட்டாரி முதலிய யந்திரங்களில் இருந்த மோட்டரோலா சில்லுகளையும் ஏற்றுக்கொண்டதால் இந்த மறதி அம்பலமாயிற்று. மெதுவாக நடக்கும் அவ்யந்திரங்களை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பொதியையும் கையால் கட்டுவது தீராத வேலையாகையால், மூலநிரலைத் தானே எடுத்துக் கட்டிப்பார்த்துப் பதிவேடு எழுதும் 'பில்ட்-டி' என்ற நிரலை மோட்டரோலா சில்லுகளுக்குப் பொதி கட்டியவர்கள் உண்டாக்கினார்கள். எழுதப்படாத தேவைகளை ஒரு பொதுப்பட்டியலில் அவர்களே சேர்த்துவைக்க நேர்ந்தது. மூலப்பொதியே தன் தேவைகளைச் சொல்லவேண்டுமென்ற விதி பிற்பாடுதான் வந்தது.

2002-இல் 3.0 பதிப்பு பதினொரு வகைச் சில்லுகளுக்கு வெளிவந்தபோது கோளாறுகளும் பலவிதமாயின. ஓர் எழுத்தைத் தாங்கும் சிறு மாறி இன்டெலில் குறை எண்ணையும் ஏற்கும், பவர்பிசியில் ஏற்காது. ஆதலால், கோப்பின் முடிவைக் குறிக்கும் -1 என்ற மதிப்பை அம்மாறியில் வாங்கிவைத்த நிரல், அங்கே அதனை 255 என்று கண்டு, முடிவு வந்ததே தெரியாமல் சுற்றிக்கொண்டேயிருக்கும். அதைக்கொண்டு நடக்கும் சோதனையும் அவ்விடத்திலேயே நின்றுபோகும். இத்தகைய பிழையில் பதிவேடு வாய்திறவாது. வாய்திறக்கும் பதிவேடுகளிலும், கட்டும் வேலையை நடத்தும் 'மேக்' என்ற நிரல் கடைசி வரியில் அறிவிக்கும் பிழை வெறும் சாவோலை மாத்திரமே. பல வேலைகள் ஒருசேர நடந்திருந்தால், மெய்யான காரணம் நூற்றுக்கணக்கான வரிகளுக்கு மேலே, ஒரு தலைப்புக் கோப்பு கிடைக்கவில்லை என்ற சாதாரண வாக்கியமாய்க் கிடக்கும். கீழிருந்து மேலாக வாசிக்கப் பழகுவதே இத்தொழிலின் முதற்பாடம் என்பது என் அபிப்பிராயம்.

2019 ஜூலையில் 10-ஆம் பதிப்பு வெளியானபின், பராமரிப்பாளர் தம் கணினியில் கட்டிய பொதிகள் அடுத்த வெளியீட்டுக்குச் செல்லா என்று விதித்துப் பழைய வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தார்கள். ஆனால் சுத்தமான சூழலில் கட்டிய பொதிக்கும் கம்பைலர் மாறினால் ஆபத்துதான். 2020-இல் வந்த ஜிசிசி 10, ஒரே பொதுமாறியைப் பல கோப்புகள் வரையறுப்பதை முன்போல் கண்டும் காணாமல் விடாமையால், நெடுங்காலம் சிக்கலின்றிக் கட்டப்பட்டுவந்த பொதிகள் பல இணைப்புக் கட்டத்தில் விழுந்தன. சிரத்தையுள்ளவர்கள் மூலநிரலைத் திருத்தினார்கள். வேறு சிலர் பழைய போக்கையே அனுமதிக்கும்படி கம்பைலருக்கு ஒரு குறிப்பைக் கொடுத்துவிட்டு அடுத்த பொதிக்குப் போனார்கள். கைவசமிருக்கும் பொதிகளின் எண்ணிக்கையை உத்தேசித்தால், அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை.