மஷ்ரு: வெளியே பட்டு, உள்ளே பருத்தி

குஜராத்தின் பட்டண் நகரமும் கட்ச் பகுதியின் மாண்ட்வியும் இன்றும் கைத்தறியில் நெய்துவரும் கோடிட்ட துணி மஷ்ரு. கண்ணில் படுவது பட்டு. உடம்பில் படுவது பருத்தி.

ஆண்கள் தூய பட்டு உடுத்துவதை இஸ்லாமிய மரபு விலக்கியிருக்கிறது. நெறியை மீறாமல் பட்டின் பளபளப்பையும் பெறுவதற்கு நெசவாளர்கள் தறியிலேயே வழி கண்டார்கள். நீளவாக்கில் ஓடும் பாவுக்குப் பட்டு, குறுக்கே ஓடும் ஊடைக்குப் பருத்தி. குழித்தறியில் ஒவ்வொரு பட்டு இழையும் பல ஊடைகளுக்கு மேலே மிதந்து சென்று, ஒன்றன் கீழே மட்டும் இறங்கி ஏறும். மேற்பரப்பு முழுவதையும் பட்டு மூடிக்கொள்ள, பருத்தி அடிப்பக்கம் தங்கிவிடும். இந்தக் கணக்கு பிசகாமலிருக்க மிதிகட்டைகளின் வரிசை நெசவாளியின் காலுக்கு மனப்பாடமாக வேண்டும்.

கோடுகளும் இந்த அமைப்பிலிருந்தே வந்தவை. ஊடை மேலே தெரியாது. ஆகவே வண்ணம் காட்டப் பாவு ஒன்றுதான் இடம். சிவப்பு, மஞ்சள், பச்சை, கருநீலம் என்று பட்டிழைகளை அடுக்கிப் பாவு ஓடினால், துணியின் நீளம் நெடுகக் கோடுகள் விழும். சில இழைகளை முன்கூட்டியே கட்டிச் சாயம் தோய்த்தால் கோடுகளுக்குள் அம்புமுனை உருவங்கள் எழும். தறியிலிருந்து இறங்கிய துணியை மரச் சுத்தியலால் அடித்து மினுமினுப்பு ஏற்றுவது பழைய வழக்கம்.

முகலாயர் காலத்தில் செல்வர்களின் ஆடைக்கும் மெத்தை உறைக்கும் மஷ்ரு பயன்பட்டது; ஒட்டோமான் பேரரசுக்கும் ஏற்றுமதியானது. ஔரங்காபாத், ஹைதராபாத் மட்டுமல்ல, தஞ்சாவூரிலும் திருச்சிராப்பள்ளியிலும் தறிகள் ஓடின. 1866இல் பிரிட்டிஷ் அதிகாரி ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் 18 தொகுதிகளில் திரட்டிய 700 இந்தியத் துணி மாதிரிகளில் மஷ்ருவும் உண்டு. காவிரிக்கரைக்கும் உரிய இந்த நெசவைத் தமிழகம் இத்தனை மறந்துபோனது வருத்தத்துக்குரியது.

ஆண்களுக்கான விதியிலிருந்து பிறந்த துணிக்குப் பின்னாளில் ஆதரவு தந்தவர்கள் கட்ச் பெண்கள். ரபாரி, அகீர் சமூகங்களில் ரவிக்கையும் பாவாடையும் மணப்பெண்ணின் சீரும் மஷ்ருவாகின.

20ஆம் நூற்றாண்டில் பட்டின் இடத்தை விலை மலிந்த ரேயான் பிடித்தது. பின்னர் விசைத்தறிகள் அதே கோடுகளை வேகமாக நெய்து சந்தையில் இறக்கின. பட்டணின் பட்டோலா பட்டுச் சேலைக்குக் கிடைத்த புகழும் விலையும் அதே ஊர் மஷ்ருவுக்குக் கிடைக்கவில்லை. இப்போது வடிவமைப்பாளர்கள் சிலர் பட்டுப் பாவையும் இயற்கைச் சாயத்தையும் மீண்டும் கேட்டு வாங்குகிறார்கள்.