மின்கிற்றார்: வகைகளும் வன்னிக்கு ஏற்ற தெரிவும்

மின்கிற்றார் என்பது ஆறு தந்தி வாத்தியம். உருக்குத் தந்தியின் அதிர்வைக் காந்தமும் செப்புக் கம்பிச் சுருளும் சேர்ந்த ‘பிக்கப்’ மின்னலையாக்க, அம்பிளிபயர் அதை ஒலியாக்குகிறது. தமிழ்நாட்டில் கிட்டார், கித்தார் என்று எழுதப்படுவது இலங்கையில் கிற்றார். பொக்ஸ் கிற்றாரில் உள்ளே வெறுமையான மரக்கூடு ஒலியைப் பெருக்கும். மின்கிற்றாரின் உடலோ பெரும்பாலும் முழுக் கட்டை. மின்சாரம் இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டுமே கேட்கும். ஆதலால் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களை உள்ளடக்கிய வன்னியில் இவ்வாத்தியத்தின் கதை மின்சாரத்தின் கதையோடு பிணைந்தே கிடக்கிறது.

1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோரின் பொப்பிசை, கிற்றார் ஒலியை இலங்கைத் தமிழர் செவிக்குப் பழக்கியது. போர்க்காலமான 1990களில் வன்னியின் பெரும்பகுதிக்குத் தேசிய மின்வழங்கல் இல்லை. பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள்களில் ஒன்று. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்ட காலம் அது. 2002 போர்நிறுத்தத்தோடு திறந்த, வன்னி வழியே செல்லும் ஏ-9 வீதி 2006 ஆகஸ்டில் மறுபடி மூடப்பட்டது. போர் 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிந்தது. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து சட்டி பானையைக்கூடக் கைவிட்ட குடும்பங்களில் தகப்பன் வாசித்த கிற்றார் மகன் கைக்கு வருவது அரிது. இன்று வாங்குகிறவர் பெரும்பாலும் தம் குடும்பத்தின் முதல் மின்கிற்றாரை வாங்குகிறார். அந்தப் பணம் வீணாகக் கூடாது.

உலகில் இன்று விற்கும் மின்கிற்றார்களிற் பெரும்பாலானவை அமெரிக்காவில் பிறந்த மூன்று மாதிரிகளின் வழிவந்தவை. கலிபோர்னியாவில் வானொலி திருத்தும் கடை நடத்திய லியோ பெண்டர் 1950இல் வெளியிட்ட வாத்தியம் மறு ஆண்டில் டெலிகாஸ்டர் என்ற பெயரைப் பெற்றது: தட்டையான கட்டை, இரண்டு பிக்கப், தந்திகளைத் தாங்கும் அசையாத பாலம். 1954இல் அவரே ஸ்ட்ரட்டோகாஸ்டரைத் தந்தார். மூன்று பிக்கப், உடம்போடு பொருந்தும் வளைவு, சுருதியை ஆட்டும் கைபிடி கொண்ட அசையும் பாலம் ஆகியன அதன் அடையாளம். கிப்சன் நிறுவனம் 1952இல் லெஸ் போல் என்னும் கலைஞரின் பெயரில் கனத்த மொகோகனிக் கட்டையில் ஒன்றைச் செய்தது. 1961இல் மெல்லிய உடலும் இரட்டைக் கொம்பும் கொண்டு வந்த எஸ்ஜி அதன் தம்பி.

இவற்றின் முதல் வேறுபாடு பிக்கப்பில் உள்ளது. பெண்டர் வகையின் ஒற்றைச் சுருள் பிக்கப் கணீரென்று ஒலிக்கும். ஆனால் சுற்றியுள்ள மின்கம்பிகளின் இரைச்சலையும் உறிஞ்சும். இலங்கையின் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். அந்த 50 ஹேர்ட்ஸ் ‘ம்ம்ம்’ என்ற முனகலாக ஸ்பீக்கரில் வரும். கிப்சனில் பணியாற்றிய செத் லவர் 1955இல் இதற்கு மாற்றுக் கண்டார். இரண்டு சுருள்களை எதிரெதிர்த் திசையில் இணைத்து, காந்த முனைகளையும் மாற்றி வைத்தால், தந்தியின் ஒலி கூடும். இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஹம்பக்கர் எனப்படும் இப்பிக்கப் 1957 முதல் லெஸ் போலில் வந்தது. கோயில் திருவிழா மேடையை நினைத்துப் பாருங்கள்: ஒரு பக்கம் ஜெனரேற்றர், தலைக்கு மேல் சரம் சரமாக மின்விளக்கு, பக்கத்தில் ரியூப் லைற். அங்கே ஒற்றைச் சுருள் பாட்டின் இடைவெளியெல்லாம் முனகிக்கொண்டே இருக்கும். ஸ்ட்ரட்டோகாஸ்டர் வாங்கினாலும் பாலத்தருகே ஹம்பக்கர் உள்ள மாதிரியைக் கேட்டு வாங்குவது நன்று.

இரைச்சலைவிடப் பெரிய விடயம் ஒன்று உண்டு. மின்கிற்றாரின் தந்திகள் அம்பிளிபயர் வழியே நிலத்தோடு இணைந்திருப்பவை. எர்த் சரியில்லாத மேடையில் ஒரு கை தந்தியிலும் மறுகை அல்லது உதடு மைக்கிலும் பட்டால், மின்சாரம் உடம்பு வழியே பாயும். 1972 மே மாதம் வேல்ஸின் ஸ்வான்சி நகரில், ஸ்டோன் த குரோஸ் இசைக்குழுவின் கிற்றார் கலைஞர் லெஸ் ஹார்வி இவ்வாறே மேடையில் இறந்தார். சவுண்ட் சேர்விஸ்காரரிடம் எர்த்தும் ட்ரிப் சுவிட்சும் இருக்கின்றனவா என்று கேட்பதில் வெட்கமே வேண்டாம். இல்லை என்றால் அன்று வாசிக்காமல் இருப்பதே சரி.

அடுத்தது கழுத்து. பெண்டர் வகையில் கழுத்து உடலோடு திருகாணிகளால் பூட்டப்பட்டது. நான்கு ஆணிகளைக் கழற்றினால் கையோடு வரும், பழுதானால் வேறு பூட்டலாம். லெஸ் போலில் அது ஒட்டப்பட்டது. போதாததற்குத் தலைப்பகுதி பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். விழுந்தால் முதலில் முறிவது அந்த இடமே. கிற்றாரைத் தோளில் கொழுவி மோட்டார் சைக்கிளில் கிரவல் வீதியில் போகிறவருக்கும், பஸ்ஸின் மேல்தட்டில் செருகி வவுனியாவுக்குப் போகிறவருக்கும் இது சின்ன விடயமன்று. லெஸ் போல் பலவும் நான்கு கிலோவுக்குக் குறையாது. விடிய விடிய நின்று வாசிக்கும் தோளுக்கு அதுவும் பாரம்.

நம் பாட்டுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. தமிழ்ப் பாடலில் சுரம் நின்ற இடத்தில் நிற்பதில்லை. தந்தியை இழுத்து வளைத்தே கமகம் எடுக்க வேண்டும். மண்டலின் உ. சீனிவாஸ் மின்மண்டலினில் கர்நாடக இசையை முழுமையாக வாசித்துக் காட்டினார். மின்கிற்றாரில் சுகுமார் பிரசாத்தும் பிரசன்னாவும் அவ்வாறே செய்தனர். தந்தி நீளம் பெண்டரில் 25.5 அங்குலம், கிப்சனில் 24.75. நீளம் குறைந்தால் அதே தந்தி தளர்ந்து எளிதாக வளையும். பெண்டரில் 9ஆம் இலக்க மெல்லிய தந்தி போட்டு அந்தக் குறையைத் தீர்க்கலாம். ஆனால் ஸ்ட்ரட்டோகாஸ்டரின் அசையும் பாலத்துக்குத் தீர்வு எளிதன்று: ஒரு தந்தியை இழுத்தால் மற்றவற்றின் சுருதி இறங்கும், ஒன்று அறுந்தால் எல்லாமே குலையும். அசையாத பாலமே கமகத்துக்குத் துணை.

வன்னியின் கோடை வறட்சியும் ஐப்பசி, கார்த்திகை மழையும் கழுத்தை வளைக்கும். உள்ளே ஓடும் இரும்புக் கம்பியை அலன் கீயால் சிறிது சிறிதாகத் திருகி நிமிர்த்தலாம். முல்லைத்தீவுக் கரையோரத்தில் உப்புக்காற்று தந்தியை விரைவில் துருப்பிடிக்க வைக்கும். வாசித்து முடித்ததும் துணியால் துடைக்க வேண்டும்.

அசல் அமெரிக்க வாத்தியத்தின் விலை பெரும்பாலோருக்கு எட்டாது. 2022இல் ரூபாய் சரிந்த பின் இன்னும் எட்டாது. பெண்டரின் மலிவுப் பெயர் ஸ்குவயர், கிப்சனுடையது எபிபோன். இரண்டும் போலியல்ல, அந்தந்த நிறுவனத்துக்கே சொந்தமானவை. 1990இல் தொடங்கிய யமஹாவின் பசிபிக்காவில், ஒரு ஹம்பக்கரும் இரு ஒற்றைச் சுருளும் கொண்ட மாதிரி தொடங்குவோருக்கு மிக நம்பகமானது. போலிப் பெயர் பொறித்தவையும் சந்தையில் உண்டு. கிப்சன் என்று சொல்லி விற்கும் வாத்தியத்தின் தலையில், கழுத்துக் கம்பியை மூடும் சிறு தகட்டை இரண்டு திருகாணிகள் பிடித்திருக்க வேண்டும். மூன்று இருந்தால் வாங்காதீர்கள். பழைய வாத்தியமானால் கழுத்து முடியும் இடத்தில் வெடிப்புக் கோடு உண்டா என்று நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால், வன்னியில் ஒரேயொரு மின்கிற்றார் வாங்கக்கூடியவருக்கு ஏற்றது டெலிகாஸ்டர் வகையே: திருகாணிக் கழுத்து, அசையாத பாலம், இயன்றால் ஒரு ஹம்பக்கர். லெஸ் போலின் தடித்த ஒலி அழகானதுதான். வீட்டை விட்டு அதிகம் நகராதவர் அதை விரும்பி வாங்கலாம்.

வெளிநாட்டு உறவினர் கொண்டுவந்து தருவதாயின் ஒன்றைக் கவனியுங்கள். கிற்றாருக்கு நாடு பேதமில்லை, அம்பிளிபயருக்கு உண்டு. கனடாவில் மின்சாரம் 120 வோல்ட். அங்கே வாங்கிய அம்பிளிபயரை இங்கே நேரே செருகினால் அது கருகிவிடும். பிரித்தானியா, பிரான்ஸ், சுவிஸ், அவுஸ்திரேலியாவில் வாங்கியது 230 வோல்ட்டுக்கு உரியது. பிளக்கை மாற்றினால் போதும். கனடாவில் இருக்கும் மாமாவிடம் கிற்றாரையும் நாலைந்து செட் தந்தியையும் கேளுங்கள். அம்பிளிபயரை இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.