சைக்கிளில் ஏறிய பெயர்கள்

உங்கள் வீட்டு வாசலில் ஒரு பழைய சைக்கிள் சாய்ந்திருக்கிறதா? கைப்பிடிக்குக் கீழே, முன்குழாயில் உள்ள பெயரைப் படித்துப் பாருங்கள். ‘பி.எஸ்.ஏ.’ என்றிருந்தால், நீங்கள் படித்தது ஒரு துப்பாக்கித் தொழிற்சாலையின் பெயர்! அதே நிறுவனம் காரும் செய்தது. அந்தப் பெயர் அம்பத்தூரில் செய்யப்பட்ட சைக்கிளின் மேல் எப்படி ஏறியது?

பி.எஸ்.ஏ. என்பது ‘பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ்’ என்பதன் சுருக்கம். இங்கிலாந்தில் 1861-ஆம் ஆண்டில் துப்பாக்கித் தொழிலாளர் சிலர் கூடித் தொடங்கிய நிறுவனம் அது. போர் இல்லாத காலத்தில் துப்பாக்கியை வாங்குவார் யார்? இயந்திரங்கள் சும்மா கிடக்கலாமா? எனவே 1880-இல் அவை சைக்கிள் செய்யத் திருப்பிவிடப்பட்டன. 1907-இல் காரும், 1910-இல் மோட்டார் சைக்கிளும் வந்தன. ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் மூன்று துப்பாக்கிகளே அதன் முத்திரை.

இது தனிக் கதையன்று. இன்றைய சைக்கிளுக்கு முன்மாதிரியான ‘ரோவர்’ வண்டியை ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885-இல் செய்தார். ரோவர் கார் வந்தது 1904-இல்தான். போலந்து மொழியில் சைக்கிளுக்கு இன்றும் ‘ரோவர்’ என்றே பெயர்! ஜெர்மனியின் ஓப்பல் நிறுவனம் 1886-இல் சைக்கிளையும், 1899-இல் காரையும் செய்யத் தொடங்கியது. ஆக, முதலில் சைக்கிளின் பெயர்தான் காரின் மேல் ஏறியது. ‘நல்ல சைக்கிள் செய்தவர் நல்ல கார் செய்வார்’ என மக்கள் நம்பினர். பிற்காலத்தில் கார் பெருமைக்குரிய பொருளாகிவிட்டது. அதன் பெயர் சைக்கிளுக்கு இறங்கி வந்தது. கார் வாங்க இயலாதவரும் அந்தப் பெயரையாவது வாங்கலாம் அல்லவா? விளம்பரத்தின் சூட்சுமம் இதுதான்.

இனி அம்பத்தூருக்கு வருவோம். முருகப்பா குழுமமும் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கின. 1951-இல் முதல் ‘ஹெர்குலிஸ்’ வெளிவந்தது. அம்பத்தூரில் உள்ள சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டு மருத்துவமனை, அந்தப் பிரிட்டிஷ் நிறுவனத் தலைவரின் பெயரைத் தாங்கியது.

பி.எஸ்.ஏ.வின் சைக்கிள் பிரிவை 1957-இல் ராலே நிறுவனம் வாங்கியது. 1960-இல் ராலே, டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமத்தோடு இணைந்தது. இந்த வழியாகவே அப்பெயர் நம் ஊருக்கு வந்தது. 1973-இல் பர்மிங்காம் நிறுவனம் நொடித்து வேறொன்றில் கலந்துவிட்டது. பெயரோ தமிழ்நாட்டுத் தெருக்களில் தொடர்ந்து உருண்டது!

ஆனால், பெயரா நம்மைச் சுமக்கிறது? சுமப்பது எஃகுக் குழாய். அம்பத்தூருக்கு அடுத்த ஆவடியில் 1955-இல் டியூப் புராடக்ட்ஸ் ஆலை தொடங்கப்பட்டது. எஃகுத் தகட்டை உருளையாக வளைத்து, விளிம்புகளை மின்சாரச் சூட்டால் ஒட்டிக் குழாயாக்கும் முறை அது. குழாய் எதற்கு என்கிறீர்களா? ஒரு தாளை இரண்டு புத்தகங்களுக்கு இடையே பாலமாக வையுங்கள், தொய்ந்துவிடும். அதே தாளைச் சுருட்டி வையுங்கள். ஒரு பென்சிலையே தாங்கும். எடை கூடவில்லை, உருவம் மாறியது, வலிமை கூடியது. சைக்கிளின் உடல் உறுதியாகவும் இலேசாகவும் இருப்பதன் இரகசியம் இதுவே.

பெயர்களின் பயணம் முடிந்துவிடவில்லை. டி.ஐ. நிறுவனம் 2011-இல் தன் சைக்கிளுக்கு வைத்த ‘மாண்ட்ரா’ என்ற பெயர், 2022-இல் மின்சார ஆட்டோவின் மேல் ஏறியது. ரோவரின் கதை நம் ஊரிலேயே மீண்டும் நடந்திருக்கிறது!

ஆகவே, அடுத்த முறை சைக்கிள் வாங்கப் போகும்போது பெயரைப் படியுங்கள். அதில் வரலாறு இருக்கிறது. பிறகு குழாயையும் இணைப்புகளையும் தடையையும் சோதித்துப் பாருங்கள். மேட்டில் ஏற்றுவதும் பள்ளத்தில் காப்பதும் அவைதாம்.