மகன்மை கொண்ட மரபு

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப் பாதையில், திருவள்ளூரைக் கடந்து சிறிது தொலைவு சென்றால் திருவாலங்காடு என்னும் நிலையம் வரும். கூத்தப்பெருமானின் ஐந்து சபைகளுள் ஒன்றாகிய இரத்தின சபை அமைந்த ஊர் இது. காரைக்கால் அம்மையார் இறைவனின் திருவடிக்கீழ் அமர்ந்து பாடிய தலம் என்று இதனைப் பெரியபுராணம் போற்றுகிறது. அம்மையாருக்கு மக்கள் இருந்ததாக அந்நூல் கூறவில்லை. ஆயினும் கயிலையில் இறைவனே அவரை ‘அம்மையே’ என்று அழைத்தான்; அவர் ‘அப்பா’ என்று விடையளித்தார். பெறாதவரைத் தாயென்று அழைக்கலாம். அழைத்த அளவிலேயே உறவு நிலைபெறும் என்னும் எண்ணம் நம் மக்களுக்குப் புதியதன்று என்பதற்கு இவ்வொரு செய்தியே சான்றாகும்.

இதே ஊர் மற்றொரு வகையாலும் வரலாற்று மாணவர்களுக்குத் தெரிந்த ஊராகும். 1905-ஆம் ஆண்டில் இங்கே கண்டெடுக்கப்பட்ட செப்பேடுகள் முதலாம் இராசேந்திர சோழனின் ஆறாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தவை. பழையனூர் என்னும் ஊரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு வழங்கிய செய்தியைக் கூறும் அவ்வேடுகள், அதற்கு முன்னர்ச் சூரியனிலிருந்து தொடங்கிச் சோழர் குலமுறையை விரித்துரைக்கின்றன. இன்னாருக்கு இன்னார் மகன் என்று வழிவழியாகச் சொல்லிச் செல்வதே குலமுறையின் இயல்பு. எனவே, ஒரு வினா எழுகின்றது. மகன் என்பவன் யார்? பிறப்பினால் மட்டுமே ஒருவன் மகனாகின்றானா? அன்பினாலும் வளர்ப்பினாலும் ஆகக்கூடுமா? இவ்வினாவிற்கு நம் நாட்டு வரலாறு அளித்த விடைகளையே இப்பேச்சில் காண முற்படுகிறோம்.

திருவாலங்காட்டின்மீது பதிகம் பாடியவர்களுள் ஒருவர் சுந்தரமூர்த்தி நாயனார். அவரை எட்டாம் நூற்றாண்டினர் என அறிஞர் பலர் கருதுவர். திருநாவலூரில் சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் மகனாகப் பிறந்த அவர், சிறு தேர் உருட்டித் தெருவில் விளையாடிக் கொண்டிருந்தபோது, அந்நாட்டுச் சிற்றரசராகிய நரசிங்க முனையரையர் கண்டார். பெற்றோரிடம் வேண்டி அழைத்துச் சென்று, அரசிளங்குமரனாக வளர்த்தார். இதனைச் சேக்கிழார் ‘மகன்மை’ என்னும் அழகிய சொல்லால் குறிப்பிடுகின்றார். வளர்த்தவர் அரசர், பிறந்த குலமோ ஆதிசைவர் குலம். பிள்ளை அரண்மனையில் வளர்ந்தான். தன் குலத்திற்குரிய பூணூலும் அணிந்தான். திருமணத்திற்குப் பெண் பேசியவர் பெற்ற தந்தையாகிய சடையனாரே. ஆக, இரு குடும்பங்களும் ஒரு பிள்ளையைப் பகிர்ந்துகொண்டன.

அப்பிள்ளை பின்னாளில் செய்ததும் எண்ணிப் பார்க்கத்தக்கது. திருநாட்டியத்தான்குடியில் கோட்புலி நாயனார் தம் பெண்கள் இருவரைக் கொணர்ந்து, அடிமையாக ஏற்றருள வேண்டும் என்று சுந்தரரிடம் வேண்டினார். அவரோ, இவர்கள் என் மக்கள் என்று கூறி ஏற்றுக்கொண்டார். சிங்கடி, வனப்பகை என்னும் அப்பெண்களின் தந்தையாகத் தம்மைத் தம் பதிகங்களிலேயே குறித்துக்கொண்டார். மகன்மை பெற்று வளர்ந்தவர் மகண்மை வழங்கினார். இங்கே சொத்து இல்லை, பட்டம் இல்லை, ஈமக்கடன் பற்றிய கவலையும் இல்லை. பிள்ளையின்மீது கொண்ட அன்பே காரணம்.

ஆனால் சட்டம் சென்ற வழி வேறு. தரும நூல்களில் தத்து என்பது, மகனில்லாதவனுக்குப் பிண்டமிடவும் அவன் சொத்தைக் காக்கவும் ஏற்பட்ட ஏற்பாடாயிற்று. ஆண் பிள்ளையையே கொள்ளலாம். தன் சாதியிலேயே கொள்ளவேண்டும். ஒரே மகனாக உள்ளவனைக் கொடுத்தல் ஆகாது எனப் பல விதிகள் எழுந்தன. பெற்றவர் கொடுத்தலும், கொள்பவர் ஏற்றலும் சடங்கின் உயிர்நிலையாயின. இரு கைகளுக்கிடையே நின்ற பிள்ளையின் மனத்தைப் பற்றி அந்நூல்கள் மிகுதியாகப் பேசவில்லை. இதன் விளைவைத் தஞ்சை அரண்மனையில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சியில் தெளிவாகக் காணலாம்.

தஞ்சை மராட்டிய மன்னர் துளஜாஜி தம் மக்களையெல்லாம் இழந்தவர். 1787-ஆம் ஆண்டில், இறக்கும் நிலையில், தம் குலத்தின் கிளையொன்றில் 1777-இல் பிறந்த சரபோஜி என்னும் சிறுவனைத் தத்துக்கொண்டார். அவனைக் காக்கும் பொறுப்பைச் சுவார்ட்சு என்னும் செர்மானியப் பாதிரியாரிடம் ஒப்படைக்க விரும்பினார். மன்னர் மறைந்ததும், அவருடைய தம்பி முறையினராகிய அமர்சிங், தத்து செல்லாது என்று வாதிட்டார். சென்னை ஆளுநர் ஆர்ச்சிபால்டு காம்பெல் பண்டிதர்களைக் கேட்டார். சிறுவன் தன் தந்தைக்கு ஒரே மகன். தத்துக்குரிய வயதையும் கடந்தவன். ஆகவே தத்து செல்லாது என்று அவர்கள் கூறினர். அமர்சிங் அரியணை ஏறினார்.

அதன்பின் சிறுவனின் நிலை யாது? பெற்ற வீட்டிற்கும் அவன் திரும்ப இயலவில்லை. வந்த வீட்டிலும் அவனுக்கு இடமில்லை. அரண்மனையில் ஏறத்தாழச் சிறைவாசம். முறையான கல்வியும் இல்லை. தத்து செல்லுமா செல்லாதா என்று பெரியவர்கள் வழக்காடிய காலத்தில், பிள்ளை படிக்கின்றானா, அவனுக்குக் காற்றும் வெளிச்சமும் கிடைக்கின்றனவா என்று கேட்டவர் மிகச் சிலர். அவருள் முதல்வர் சுவார்ட்சு. அவர் கும்பினி அரசுக்குப் பன்முறை முறையிட்டதன் பயனாக, 1793-இல் சரபோஜி, துளஜாஜியின் அரசியருடன் சென்னைக்கு அழைத்து வரப்பட்டான். அங்கே கெரிக்கே என்னும் பாதிரியாரிடம் கல்வி கற்றான். வங்காளத்துப் பண்டிதர்களும் காசிப் பண்டிதர்களும் மீண்டும் ஆராய்ந்து, தத்து செல்லும் என்று கூறினர். 1798-ஆம் ஆண்டு சூன் மாத இறுதியில் சரபோஜி முடிசூடினார். அதைக் காணச் சுவார்ட்சு இல்லை. அவ்வாண்டு பிப்ரவரியிலேயே மறைந்துவிட்டார்.

இதில் கும்பினியாருக்குத் தந்நலம் இல்லாமல் இல்லை. 1799-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் தஞ்சை நாட்டின் ஆட்சி அவர்கள் கைக்குச் சென்றது. ஆட்சியை இழந்த சரபோஜி சரசுவதி மகாலை வளர்த்தார், பள்ளிகள் நிறுவினார். 1803-இல் தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் போன்சலே குலத்தின் வரலாற்றை மராட்டிய மொழியில் நெடிய கல்வெட்டாகப் பொறிக்கச் செய்தார். திருவாலங்காட்டுச் செப்பேட்டை வழங்கிய இராசேந்திரனின் தந்தை எழுப்பிய கோயில் அது. இக்குலத்தவன் அல்லன் என்று ஒருகாலத்தில் விலக்கப்பட்ட பிள்ளையே அக்குலத்தின் கதையைக் கல்லில் நிலைநிறுத்தினான். சுவார்ட்சுக்காக அவர் இங்கிலாந்துச் சிற்பி பிளாக்சுமனைக் கொண்டு செய்வித்த பளிங்குச் சிற்பத்தில், மரணப் படுக்கையில் கிடக்கும் பாதிரியாரின் கையைச் சரபோஜி பற்றிநிற்கும் காட்சியை இன்றும் தஞ்சையில் காணலாம். தந்தைமை, பெற்றவரிடமும் தத்துக்கொண்டவரிடமும் மட்டுமே தங்கியிருப்பதன்று என்பதை அக்கல் சொல்லுகின்றது.

19-ஆம் நூற்றாண்டில் இவ்வழக்குகள் பெருகின. தத்துப்பிள்ளைக்கு அரசுரிமை இல்லை என்று கூறி, 1848-இல் சதாராவையும் அடுத்த சில ஆண்டுகளில் சான்சியையும் நாகபுரியையும் தல்லௌசி பிரபு கைப்பற்றினார். தமிழகத்தில் இராமநாதபுரத்து இராணி பர்வதவர்த்தனி நாச்சியார், கணவரை இழந்தபின், 1847-இல் முத்துராமலிங்க சேதுபதியைத் தத்துக்கொண்டார். கணவன் அனுமதியின்றிக் கைம்பெண் தத்துக்கொள்ளலாமா என்பது வழக்காயிற்று. பங்காளிகளின் இசைவு இருப்பின் தென்னாட்டு முறைப்படி அது செல்லும் என 1868-இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. விவேகானந்தர் சிகாகோ செல்லத் துணைநின்ற பாசுகர சேதுபதி அம்முத்துராமலிங்கரின் மைந்தரே. 1899-இல், சென்னை மாகாணத்திலிருந்து சென்ற மற்றொரு வழக்கில், ஒரே மகனைத் தத்துக்கொடுத்தாலும் செல்லும் என்று அதே மன்றம் கூறியது. சிறுவன் சரபோஜிக்கு எதிராகச் சொல்லப்பட்ட காரணம், நூறாண்டுகளுக்குப்பின் பொருளற்றதாயிற்று.

விடுதலைக்குப்பின் 1956-ஆம் ஆண்டில் இந்து தத்தெடுப்பு மற்றும் சீவனாம்சச் சட்டம் இயற்றப்பட்டது. பெண்குழந்தையும் தத்தெடுக்கப்படலாம், மணமாகாத பெண்ணும் கைம்பெண்ணும் தமக்கெனவே பிள்ளை கொள்ளலாம், சாதி தடையாகாது, முறையாக நிகழ்ந்த தத்தைப் பின்னர் எவரும் நீக்க இயலாது, பணம் கொடுத்தலும் பெறுதலும் குற்றம் என அச்சட்டம் விதித்தது. சிங்கடிக்கும் வனப்பகைக்கும் சுந்தரர் அளித்த இடத்தைச் சட்டம் வழங்குவதற்குப் பல நூற்றாண்டுகள் வேண்டியிருந்தன! பிற சமயத்தார் 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காப்பாளராக மட்டுமே இருக்க முடிந்தது. 2000-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் அதன் திருத்தமும் சமய வேறுபாடின்றி அனைவருக்கும் வழி திறந்தன. 2014-இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. இதற்கிடையே, 1992-இல் சேலத்தில் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. பெண்சிசுக் கொலைக்கு இரையாகவிருந்த குழந்தைகளுக்குப் புதிய இல்லங்கள் தேடவேண்டிய நிலை நம் காலத்திலும் இருந்தது என்பதை மறத்தல் ஆகாது.

முற்காலத்தில் பிள்ளையில்லாதவர் பிள்ளையைத் தேடினர். இன்றைய சட்டமோ, குடும்பமில்லாத பிள்ளைக்குக் குடும்பத்தைத் தேடுகின்றது. இம்மாற்றமே பெரிது. ஆயினும் சட்டம் வீட்டு வாயில் வரையில்தான் வரும். உள்ளே வாழ்பவர்களின் நாள்தோறும் எழும் சிக்கல்களை அவர்களே தீர்த்தாக வேண்டும். உன் உண்மையான தாய் யார் என்று அயலார் கேட்பர். குடும்ப மரம் வரைந்து வா என்று பள்ளியில் கூறுவர். பரம்பரை நோய் உண்டா என்று மருத்துவர் வினவுவார். யாரைப் போல இருக்கிறாள் என்று உறவினர் முகம் பார்ப்பர். சற்று வளர்ந்தபின் வந்த பிள்ளை, பழைய இடத்தின் நினைவோடும் அச்சத்தோடும் வருவான். அவன் நம்புவதற்குக் காலம் பிடிக்கும். இவற்றுள் மிகக் கடியது உண்மையைச் சொல்லுதல். மறைத்து வைத்த உண்மையைப் பிறர் வாயால் கேட்கும் பிள்ளை, தன் பிறப்பைக் காட்டிலும் தன் பெற்றோரின் மௌனத்திற்கே மிகுதியாக வருந்துவான். ஆதலின், இளமையிலேயே, கதை சொல்வது போலச் சிறிது சிறிதாகச் சொல்லுதல் நன்று என்பது இத்துறையில் பணியாற்றுவோர் பலரின் கருத்து.

நண்பர்களே, உங்கள் வகுப்பிலும் அத்தகைய ஒரு மாணவனோ மாணவியோ இருக்கக்கூடும். ‘உண்மையான’ என்னும் சொல்லை அவர்கள்முன் கையாளும்போது சற்றே நிதானியுங்கள். சடையனாரும் உண்மையான தந்தையே. முனையரையரும் உண்மையான தந்தையே. ஒருவரை ஏற்பதற்கு மற்றவரை மறுக்கவேண்டும் என்று சுந்தரர் ஒருபோதும் எண்ணியதில்லை.