இந்தூரில் 46 ரன்

மூலக்கடை டீக்கடையில் 'கடைசிவரை இழுத்த மேட்ச் எது' என்று பேச்சு வந்தால் எல்லாரும் 1986 சேப்பாக்கத்தில்தான் போய் நிற்பார்கள். மணீந்தர் சிங் எல்.பி.டபிள்யூ. ஆனார், ஆஸ்திரேலியாவோடு ஆட்டம் டை. சரிதான். ஆனால் என் ஓட்டு அதற்கும் முப்பத்தோரு வருஷம் முன்பு இந்தூரில் முடிந்த ஆட்டத்துக்கு. மாதவரம், மணலிப் பக்கம் கம்பெனி டீம்களுக்கு ஸ்கோர் எழுதிப் பழகியவன் நான். எந்த மேட்ச்சையும் எண்களை வைத்துத்தான் வாசிப்பேன்.

1954-55 ரஞ்சிக் கோப்பை இறுதி ஆட்டம். மெட்ராஸுக்கு எதிரே இந்தூர் சமஸ்தானத்தின் ஹோல்கர் அணி. அந்த அணியை லேசாக எண்ணக் கூடாது. பதினொரு பருவங்களில் பத்து முறை இறுதிக்கு வந்தவர்கள். நான்கு முறை கோப்பையைத் தூக்கியவர்கள். மகாராஜா யஷ்வந்த்ராவ் ஹோல்கர் ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடித்துத் தன் படையில் பதவி கொடுத்து வைத்திருந்தார். சி.கே. நாயுடுவுக்குக் 'கர்னல்' பட்டம் வந்தது அப்படித்தான். பந்தடிக்கத் தெரிந்தவனுக்கு உத்தியோகம் என்ற வழக்கம் எங்கள் பக்கத்து ஆலைகளுக்கும் தெரியும். அங்கே ஆலைக்குப் பதில் சமஸ்தானம், அவ்வளவுதான். 1948இல் சமஸ்தானம் மத்திய பாரதத்தில் கரைந்த பிறகும் அணி மட்டும் பழைய பெயரிலேயே ஆடிக்கொண்டிருந்தது.

மெட்ராஸுக்குத் தலைவர் பாலு அழகண்ணன். பின்னாளில் வானொலி வர்ணனையாளராக அவரைக் கேட்டவர்கள் உண்டு. இந்தியாவுக்காக ஒரு டெஸ்ட்கூட ஆடாதவர். அணியில் சி.டி. கோபிநாத் இருந்தார், 1952இல் சேப்பாக்கத்தில் இங்கிலாந்தை வென்ற முதல் டெஸ்ட் வெற்றியில் ஆடியவர். கிருபால் சிங் இருந்தார்.

முதல் இன்னிங்ஸில் மெட்ராஸ் 478, ஹோல்கர் 417. முன்னிலை 61. இரண்டாவதில் மெட்ராஸ் 311. ஜெயிக்க ஹோல்கருக்கு 373 வேண்டும், அதுவும் சொந்த ஊரில். 326 வரை வந்தார்கள். இரண்டாவது இன்னிங்ஸை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் ஹோல்கர்தான் 15 ரன் கூட. முதல் இன்னிங்ஸில் கிடைத்த அந்த 61தான் கோப்பையை மெட்ராஸுக்கு ஓட்டி வந்தது. நான்கு இன்னிங்ஸையும் கூட்டினால் 1532 ரன். அதில் வித்தியாசம் 46. ஒரு ஜோடி அரை மணி நேரம் நின்றிருந்தால் கணக்கு திரும்பியிருக்கும்.

கிருபால் சிங்கின் கணக்கு தனி. அரையிறுதியில் வங்காளத்துக்கு எதிராக 98, 97. இறுதியில் 75, 91. நான்கு இன்னிங்ஸில் 361 ரன், ஒரு சதம்கூட இல்லை! சதம் போட்டவன் பெயர்தான் மறுநாள் பேப்பரில் பெரிதாக வரும். ஆட்டத்தை ஜெயித்துக் கொடுப்பவை பல நேரம் இந்த மாதிரி எண்கள்தான். போதாததற்கு அந்த இறுதியில் ஏழு விக்கெட் வேறு. அவருடைய அப்பா ஏ.ஜி. ராம் சிங், 1934 நவம்பரில் ரஞ்சியின் முதல் ஆட்டத்தில் மைசூரை 11 விக்கெட் எடுத்து ஒரே நாளில் சுருட்டியவர். அப்பாவுக்கு டெஸ்ட் தொப்பி கடைசிவரை கிடைக்கவில்லை. மகனுக்கு அதே 1955 நவம்பரில் ஹைதராபாத்தில் நியூசிலாந்துக்கு எதிராகக் கிடைத்தது. முதல் டெஸ்டிலேயே ஆட்டமிழக்காமல் 100. இரண்டு ரன்னிலும் மூன்று ரன்னிலும் நழுவியதை அங்கே வாங்கிக்கொண்டார் என்று நான் எழுதிக்கொள்வேன்.

ஹோல்கர் என்ற பெயருக்கு அதுவே கடைசிப் பருவம். நமக்கு அடுத்த ரஞ்சிக் கோப்பை கிடைக்க 1987-88 வரை ஆயிற்று. எஸ். வாசுதேவன் தலைமையில் சேப்பாக்கத்தில் ரயில்வேஸைத் தோற்கடித்தோம். அது இன்னிங்ஸ் வெற்றி. கொண்டாட நல்ல ஆட்டம்தான், ஆனால் ஸ்கோர் எழுதுபவனுக்கு அதில் கூட்டிக் கழிக்க ஒன்றுமில்லை.