‘ஆன்டி-ஸ்கிட்’ டைல்ஸ் என்றால் வழுக்காதா? கடையில் நீங்கள் கேட்க வேண்டியது என்ன?

அப்பா, அம்மாவுக்காகக் குளியலறைத் தரையை மாற்ற முடிவு செய்கிறீர்கள். கடைக்காரர் ஒரு டைலை நீட்டி, "தடவிப் பாருங்க, வழுக்கவே வழுக்காது" என்கிறார். நீங்களும் தடவிப் பார்க்கிறீங்க. ஆனா, நீங்க தொட்டது காய்ந்த டைல். வீட்டில் அதன் மேல் தண்ணீரும் சோப்பும் இருக்கும்.

இது சின்ன விஷயம் இல்லை. உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி, உலகில் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள். அதில் 60 வயதைக் கடந்தவர்களே அதிகம்.

ஈரத்தில் ஏன் வழுக்குகிறது?

காய்ந்திருக்கும்போது பளபள டைல்ஸில்கூட கால் ஓரளவு பிடித்து நிற்கும். தண்ணீர் சிந்தினால், பாதத்துக்கும் தரைக்கும் நடுவே மெல்லிய நீர்ப்படலம் சிக்கிக்கொள்கிறது. தரையில் நுண்ணிய மேடு பள்ளங்கள் இருந்தால், அந்த மேடுகள் படலத்தைத் தாண்டி காலைத் தொடும். வழுவழு தரையில் அதற்கு வழியே இல்லை.

எவ்வளவு சொரசொரப்பு தேவை?

தரையில் என்ன சிந்துகிறது என்பதைப் பொறுத்தது. பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பு தரும் வழிகாட்டுதல்படி, வெறும் தண்ணீருக்குக் குறைந்தது 20 மைக்ரோமீட்டர் சொரசொரப்பு வேண்டும். இது ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. சோப்புத் தண்ணீர் என்றால் 45, ஆலிவ் எண்ணெய் என்றால் 70. திரவம் கெட்டியாக ஆக, மேடுகளும் உயர வேண்டும்.

‘ஆர்’ எண் எதைச் சொல்கிறது?

பல டைல்ஸ்களின் விவரக் குறிப்பில் ஆர்9 முதல் ஆர்13 வரை ஓர் எண் இருக்கும். இது ஜெர்மன் தரநிலை. எண்ணெய் பூசிய சாய்தளத்தில் காலணியோடு ஒருவர் நடப்பார். எத்தனை டிகிரி சாய்வு வரை வழுக்காமல் நிற்கிறார் என்பதே கணக்கு. ஆர்9 என்றால் 6 முதல் 10 டிகிரிதான். பட்டியலில் கடைசி இடம் அதற்குத்தான்.

ஆனா, குளியலறையில் யாரும் ஷூ போடுறதில்லையே? வெறுங்காலுக்கு, சோப்புத் தண்ணீரில் நடத்தும் தனிச் சோதனை இருக்கிறது. அதன் தரங்கள் ஏ, பி, சி. ஷவர் பகுதிக்குக் குறைந்தது 18 டிகிரி தாங்கும் ‘பி’ தரம் கேளுங்கள்.

வாங்கிய பிறகு?

சோப்புக் கறை படிந்தால் பள்ளங்கள் நிரம்பிவிடும். நல்ல டைலும் வழுக்கும். தேய்த்துக் கழுவுவதும், தண்ணீர் தேங்காமல் வாட்டம் வைப்பதும் அதே அளவு முக்கியம்.